முப்பது நாள் தனித்தொட்டி

சென்னை கொளத்தூரில் கலர் மீன் வாங்கியவர்களுக்கு அந்தப் பையைத் தெரியும். கால் பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், கழுத்தை முறுக்கிப் போட்ட இரண்டு ரப்பர் பேண்ட். உள்ளே ஆறு டெட்ரா. வெயில் படாமல் செய்தித்தாளில் சுற்றி, வண்டியின் முன்கொக்கியில் மாட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுகிறோம். பிறகு ரப்பர் பேண்டை அவிழ்த்துத் தண்ணீரோடு கவிழ்த்துவிடுகிறோம். கடையில் சொல்லித் தருவதும் இதுதான், நம்மில் பெரும்பாலோர் செய்வதும் இதுதான்.

நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒருமுறை அப்படிக் கவிழ்த்த ஐந்தாம் நாள் காலை, விளக்கைப் போட்டதும் ஒரு டெட்ராவின் வால் துடுப்பில் ரவை ஒட்டியதுபோல ஒரு புள்ளி தெரிந்தது. மறுநாள் நான்கைந்து. அதற்கடுத்த நாள் புள்ளிகள் குறைந்திருந்தன. தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் காலை தொட்டியிலிருந்த எல்லா மீனும் உப்பைத் தூவியதுபோல இருந்தன. ஐந்து வருடமாக வளர்த்த ஏஞ்சல் ஜோடி, ஃபில்டர் தண்ணீர் விழுகிற மூலையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு நின்றது. கையில் இருந்த நீல மருந்தை அளவு பார்க்காமல் ஊற்றினேன். பெண் ஏஞ்சல் அன்று இரவே போனது, ஆண் மூன்றாம் நாள். புதிதாக வந்த ஆறு டெட்ராவில் நான்கு பிழைத்துக்கொண்டன. அந்தக் கிருமியை அவை ஏற்கெனவே சந்தித்து ஓரளவு எதிர்ப்பைச் சேர்த்திருக்க வேண்டும். என் ஏஞ்சல்களுக்கு அது முதல் முறை.

மீன் வளர்ப்பவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொண்டிருக்கிறோம். புதுமீனைத் தனியே வைக்க வேண்டுமா என்பது ஒன்று. வீட்டில் என்னென்ன மருந்து வாங்கி வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குப் பட்டது, இரண்டும் ஒரே கேள்வி. தனித்தொட்டி இல்லாத வீட்டில் மருந்து அலமாரி நிரம்பி வழிந்தாலும் பெரிய பயனில்லை. தனித்தொட்டி உள்ள வீட்டில் அலமாரியில் ஐந்தாறு பொருள் இருந்தால் போதும்.

பை கடந்துவந்த தண்ணீர்

ஒரு மீன் நம் கைக்கு வருவதற்கு முன் எத்தனை தண்ணீர் மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். புழல், செங்குன்றம் பக்கத்தில் சிமென்ட் தொட்டியில் வளர்ந்தது கொளத்தூர் மொத்த வியாபாரியிடம் வருகிறது. அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ மதுரைக்கும் திருச்சிக்கும் போய்ச் சில்லறைக் கடைத் தொட்டியில் இறங்குகிறது. பாங்காக்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்ததென்றால் இன்னும் இரண்டு தண்ணீர் கூடும். ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு பண்ணை மீன்களோடு ஒரே தண்ணீரில் நிற்கிறது. ஒரே வலை எல்லாத் தொட்டிக்குள்ளும் போய் வருகிறது. கடைக்காரரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. ஒவ்வொரு சரக்கையும் மாதம் முழுவதும் பிடித்துவைத்து விற்றால் கப்பி விலையில் அவர் கடை நடத்த முடியாது.

பைக்குள் நடப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மீன் மூச்சு விட விட கரியமில வாயு கரைந்து தண்ணீரின் பி.எச். இறங்குகிறது. கழிவிலிருந்து அம்மோனியா சேர்கிறது. பி.எச். தாழ்ந்திருக்கும்வரை அந்த அம்மோனியாவில் பெரும்பங்கு அம்மோனியமாக, அதிகக் கெடுதல் செய்யாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அம்மோனியா நச்சு வடிவத்துக்கு மாறத் தொடங்குகிறது. அதனால் வெகுநேரம் பயணம் செய்த மீனைத் திறந்த பையிலேயே வைத்து, ஒரு மணி, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது நல்ல எண்ணத்தில் செய்யும் தீங்கு. மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்ததும் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுவதே சரி. பைத் தண்ணீர் எந்தத் தொட்டிக்குள்ளும் போகக் கூடாது.

பிடிபடுவதும் குலுங்குவதும் இருட்டில் கிடப்பதும் மீனின் உடலில் கார்ட்டிசோலைக் கூட்டுகின்றன. அதன் நோய் எதிர்ப்பு பல நாள் தாழ்ந்து கிடக்கிறது. கடையில் சுறுசுறுப்பாக இருந்த மீன் நம் வீட்டில் வந்து நோய்ப்படுவதன் காரணம் பெரும்பாலும் இது. கடையில் அது நோயில்லாமல் இருந்தது என்பதற்கில்லை, நோயைத் தாங்கிக்கொண்டு இருந்தது.

எத்தனை நாள்?

ஒரு வாரம் என்பவர் உண்டு. 14 நாள், 21 நாள், 40 நாள், ஆறு வாரம் என்பவர்களும் உண்டு. இந்த எண்களை எடைபோட, என் தொட்டியில் வந்த வெள்ளைப் புள்ளி நோயின் வாழ்க்கைச் சுழற்சியைப் பார்ப்பதே நல்ல வழி.

இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலீஸ் என்பது அந்த ஒட்டுண்ணியின் பெயர். ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் 1876-இல் விவரித்தார். நாம் காணும் வெள்ளைப் புள்ளி, மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கும் ஒரே ஒரு செல். தோலுக்கு அடியில் இருப்பதால் தண்ணீரில் போடும் மருந்து அதைத் தொடுவதில்லை. கொழுத்ததும் தோலைக் கிழித்துக்கொண்டு உதிர்ந்து அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கில் பெருகுகிறது, ஆயிரம்வரைகூடப் போகும். அந்த நிலையிலும் மருந்து உள்ளே போகாது. ஓடு உடைந்து குஞ்சுகள் நீந்தி வெளிவந்து, இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாகும். மருந்து கொல்வது இந்த நீந்தும் நிலையை மட்டும்தான். நான் அன்று ‘சரியாகிவிட்டது’ என்று நினைத்த நாளில் புள்ளிகள் உதிர்ந்து அடியில் பெருகிக்கொண்டிருந்தன.

இந்தச் சுழற்சி 24 முதல் 26 டிகிரி வெப்பத்தில் மூன்று முதல் ஆறு நாளில் முடிகிறது. 15, 16 டிகிரியில் பத்து நாளாகும். சென்னையில் இது வேகமாகவும் ஊட்டியில் மெதுவாகவும் நடக்கும். ஆக, சமவெளியில் வெள்ளைப் புள்ளி மட்டுமே கவலையென்றால் 14 நாளில் இரண்டு மூன்று சுழற்சி பார்த்துவிடலாம். ஆனால் செவுள் புழுக்களில் ஒரு வகை முட்டையிடும். அந்த முட்டையை மருந்து ஒன்றும் செய்யாது. பொரித்த பிறகு மறுபடி மருந்து, மறுபடி ஒரு வாரக் கவனிப்பு என்று போனால் மூன்று வாரம் ஆகிவிடும். கப்பியின் குதத்தில் சிவப்பு நூல்போலத் தொங்கும் கமலானஸ் புழு, வாங்கிவந்த முதல் இரண்டு வாரம் கண்ணில் படாமலே இருக்கக்கூடும். மெலிந்த மீன் தேறுகிறதா, தின்றும் மெலிகிறதா என்று தெரியவும் மூன்று நான்கு வாரம் வேண்டும். அதனால்தான் முப்பது நாள் என்பேன். எண்ணும்போது ஒரு விதி: நடுவில் நோய் தெரிந்து மருந்து கொடுத்தாலோ, அதே தொட்டியில் இன்னொரு புதுமீனைச் சேர்த்தாலோ அன்றிலிருந்து மறுபடி ஒன்று.

முப்பது நாளும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. ஆஸ்திரேலியாவின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்நாடு வண்ணமீன் இறக்குமதிக்குக் கட்டாயத் தனிமை வைத்திருந்த நாடு. கோல்டு ஃபிஷ்ஷுக்கு மூன்று வாரம், கௌராமிக்கு இரண்டு வாரம் என்று வகைக்கொரு கணக்கு. இருந்தும் 2003-இல் விக்டோரியா மாநிலப் பண்ணையொன்றில் அந்நாட்டு மரே காட் மீன் குஞ்சுகள் கூட்டமாக மடிந்தன. அவற்றில் கண்ட வைரஸ், இறக்குமதியான குட்டைக் கௌராமிகளில் கண்ட வைரஸோடு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. குட்டைக் கௌராமி நம் கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலத்து மீன். தென்கிழக்காசியப் பண்ணைகளில் பெருக்கப்பட்டு உலகெங்கும் போகிறது. வைரஸைச் சுமந்த மீன் நல்ல நிறத்தோடு, நன்றாகத் தின்றுகொண்டு இரண்டு வாரமும் நின்றிருக்கும். கண்ணால் பார்த்துப் பயனில்லை என்று உணர்ந்த அந்நாடு 2016 முதல் கௌராமி, சிக்லிட் போன்றவற்றுக்கு வைரஸ் இல்லை என்பதற்கான பரிசோதனையைக் கேட்கத் தொடங்கியது.

நம் ஊரிலும் இதைச் சரியாகச் செய்யும் இடம் உண்டு, ஆனால் அது இறாலுக்கு. வெனாமி வகைத் தாய் இறால் வெளிநாட்டிலிருந்து வரும்போது சென்னை நீலாங்கரையில் உள்ள ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் தனிமை வளாகத்தில் இறங்கி, சோதனை முடிந்த பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகிறது. இறாலைத் தாக்கும் வெள்ளைப் புள்ளி வைரஸ் (மீனின் வெள்ளைப் புள்ளி வேறு) 90-களில் பண்ணைகளை அழித்துக் கற்றுக்கொடுத்த பாடம் அது. உள்ளூரில் பெருக்கிய கலர் மீனுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. வாங்கியவர் வீட்டு வாசலே அந்த வாசல்.

வீட்டுத் தொட்டியோடு முடிகிற விஷயமாகவும் இதை நினைக்கக் கூடாது. 1971-இல் ஜப்பானில் பதிவான ஒரு புண் நோய் அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் பிறகு தென்கிழக்காசியா முழுவதும் பரவி, 1987 கடைசியில் இலங்கைக்கும் 1988-இல் இந்தியாவுக்கும் வந்தது. விராலும் கெளுத்தியும் உடம்பில் குழிப்புண்ணோடு குளங்களில் மிதந்ததைப் பார்த்த தலைமுறை இன்றும் இருக்கிறது. அது நாடு தாண்டிய வழிகளில் ஒன்றாக வண்ணமீன் வணிகத்தையும் ஆய்வாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். நோய்ப்பட்ட மீனையோ, வேண்டாமென்ற மீனையோ ஏரியில் விடுவதும் தொட்டித் தண்ணீரைக் குளத்தில் கொட்டுவதும் அந்த வழியைத் திறந்துவைப்பதுதான். சென்னை ஏரிகளில் வலை போடுகிறவர்கள் இன்று சக்கர் மீனோடு படும் பாடும் இதே வகையில் வந்தது.

தனித்தொட்டி

ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி போதும். விளிம்புவரை நிரப்பினால் சுமார் 42 லிட்டர். இரண்டு அங்குலம் குறைத்து நிரப்பினால் 35. மணலும் கல்லும் வேண்டாம். ஒட்டுண்ணி பதுங்க இடம் கொடுக்கும், சில மருந்துகளை உறிஞ்சவும் செய்யும். ஒளிந்துகொள்ள பிளம்பர் கடை பி.வி.சி. எல்போ இரண்டு. மீனுக்கு மறைவிடம் ஆடம்பரமில்லை. வெட்டவெளியில் நிற்கும் மீன் பயத்திலேயே தின்னாது. மேலே மூடி, ஏனென்றால் புதுமீன் குதிக்கும். சமவெளியில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது; மார்கழியில் மட்டும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஸ்பாஞ்ச் ஃபில்டர். தனித்தொட்டியில் விட்ட மீன் செத்துவிட்டது என்று சொல்லி அந்த வழக்கத்தையே கைவிட்ட பலரை எனக்குத் தெரியும். அந்த மீன்களில் பாதியாவது நோயால் சாகவில்லை, அம்மோனியாவால் செத்தன. புதுத் தொட்டி, புது ஸ்பாஞ்ச், அதில் கழிவைத் தின்னும் பாக்டீரியா இல்லை. தீர்வு எளிது. ஒரு கூடுதல் ஸ்பாஞ்ச்சைப் பெரிய தொட்டியின் மூலையில் எப்போதும் ஓடவிட்டு வைப்பது. ஆறு வாரம் ஓடிய ஸ்பாஞ்ச் பழுப்பேறி, பிழிந்தால் மண்வாசம் அடிக்கும். மீன் வாங்கப் புறப்படும் அன்று அதை எடுத்துத் தனித்தொட்டியில் போட்டால் பாக்டீரியா தயாராக இருக்கும். அது இல்லாதவர்கள் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். மெட்ரோ தண்ணீரானால் குளோரின் நீக்கி, போர் தண்ணீரானால் நன்றாகக் காற்று ஊட்டி.

வலை, வாளி, சைஃபன் குழாய் எல்லாம் தனி. நான் தனித்தொட்டிச் சாமான்களுக்குச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் யார் உதவிக்கு வந்தாலும் சொல்ல வேண்டியதில்லை. வேலை செய்யும் வரிசை: முதலில் பெரிய தொட்டி, கடைசியில் தனித்தொட்டி, பிறகு கை கழுவல். ஏர்ஸ்டோன் குமிழி உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளிலும் வெள்ளைப் புள்ளிக் குஞ்சுகள் போக முடியும். ஆகையால் இரண்டு தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கூடாது. அடுத்த அறை நல்லது.

கையைப் பற்றி ஒரு சொல். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியை 1926-இல் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்து மீன்களில் ஆரன்சன் கண்டறிந்தார். காசநோய்க் கிருமியின் உறவு. சுமார் 30 டிகிரியில் நன்கு வளரும், உடலின் உள்வெப்பத்தில் திணறும். அதனால் மனிதரில் விரலிலும் புறங்கையிலுமே தங்கி, ஆறாத முடிச்சாக நிற்கும். மாதக்கணக்கில் மாத்திரை தின்ன வேண்டியிருக்கும். கையில் கீறல் இருந்தால் தொட்டியில் கைவைக்காதீர்கள், அல்லது நீளக் கையுறை போடுங்கள். ஆறாத புண்ணோடு டாக்டரிடம் போனால் மீன் வளர்ப்பதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் நினைவுக்கு அது வராமலே போகலாம்.

மருந்து போட்டு வைப்பதா, பார்த்து வைப்பதா

வளர்ப்பவர்கள் இரண்டு கட்சியாக நிற்பது இங்கேதான். தனித்தொட்டியில் விட்ட அன்றே பொதுவான ஒட்டுண்ணிகளுக்கெல்லாம் வரிசையாக மருந்து கொடுத்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. நோய் கண்ணில் படாதவரை கை வைக்கக் கூடாது என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சி சொல்வதில் நியாயம் உண்டு: செவுளில் உள்ள புழு கண்ணுக்குத் தெரியாது, மைக்ரோஸ்கோப் எல்லார் வீட்டிலும் இல்லை. பெரிய காட்சியகங்கள் பல, புதுமீனுக்குப் புழு மருந்தை வழக்கமாகவே கொடுக்கின்றன. இரண்டாவது கட்சியின் நியாயம்: களைத்து வந்த மீனின் செவுளில் ஃபார்மலினும் சாயமும் ஏற்றுவது அதன் கடைசித் தெம்பையும் வாங்கிவிடும். மருந்து பாக்டீரியாவைக் கொன்றால் அம்மோனியா ஏறும். நோயின் அடையாளத்தைப் பாதி மறைக்கும் மருந்து, இல்லாத நோய்க்குக் கொடுக்கும் மருந்தைவிடக் கெட்டது.

நான் நடுவில் நிற்கவில்லை, இரண்டாவது கட்சிப் பக்கம்தான் நிற்கிறேன், ஒரு விலக்கோடு. முதல் வாரம் சுத்தமான தண்ணீர், அரையிருட்டு, கொஞ்சம் தீனி, வேறு ஒன்றும் இல்லை. ஃபைட்டரோ டெட்ராவோ ஆனால் காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று போடலாம். அது மருந்து என்பதைவிட, தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி மீனை அமைதிப்படுத்துவது. இரண்டாம் வாரம், மீன் தின்னத் தொடங்கிய பின், பிராசிக்வான்டல் ஒரு முறை. வாரம் பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மீனுக்கும் ஃபில்டருக்கும் அதிகத் தொல்லை தராத மருந்து அது. கண்ணுக்குத் தெரியாத எதிரிக்கு முன்கூட்டியே கொடுக்கத் தகுந்தது. மற்றவை எல்லாம் அடையாளம் தெரிந்த பிறகு.

அடையாளம் தெரிய வேண்டுமானால் பார்க்க வேண்டும். தினமும் தீனி போடுவதற்கு முன் ஐந்து நிமிடம், செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து. தங்கத்தூள் தூவியதுபோல மினுமினுத்தால் வெல்வெட் நோய். நேர் வெளிச்சத்தில் அது தெரியவே தெரியாது. வாயோரம் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால் எல்லாரும் பூஞ்சை என்பார்கள், பெரும்பாலும் அது ஃபிளேவோபாக்டீரியம் காலம்நாரே என்ற பாக்டீரியா. இந்த வேறுபாடு உயிர் போகிற விஷயம். வெள்ளைப் புள்ளிக்குத் தண்ணீரை 30 டிகிரிக்கு ஏற்றுவது பழைய கைவைத்தியம், பல நேரம் பலிக்கவும் செய்யும். அதே சூட்டை வாய்ப்பஞ்சு மீனுக்குக் கொடுத்தால் ஓரிரு நாளில் முடிந்துவிடும், ஏனென்றால் அந்தப் பாக்டீரியா சூட்டில்தான் சீறும். கோல்டு ஃபிஷ், கோய் வாங்கினால் துடுப்படியில் குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரப் புழுவையும், தட்டையாக ஒட்டி நகரும் மீன் பேனையும் தேட வேண்டும். செவுள் மூடி ஒருபக்கம் மட்டும் திறந்து மூடினால் புழு. கழிவு வெள்ளை நூலாக இழுத்தால் குடலில் கோளாறு.

அலமாரி

மருந்து முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் எளிது. வெள்ளைப் புள்ளி கண்ணில் படும் நாள் ஞாயிறு இரவாக இருக்கும். ஆன்லைனில் கேட்ட மருந்து வியாழன் வரும். அதற்குள் ஒரு சுழற்சி முடிந்துவிடும். ஆனால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வாங்கிச் சேர்ப்பது வேறு. எதற்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று மூன்றுக்கும் பதில் தெரியாத மருந்து அலமாரியில் இருக்கக் கூடாது.

முதல் இடம் கல்லுப்புக்கு. லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரை, ஒரே நாளில் போடாமல் இரண்டு நாளில் பிரித்து. மீன் தன் உடலின் உப்பைக் காக்கச் செலவிடும் சக்தியை அது மிச்சப்படுத்துகிறது. தண்ணீரில் நைட்ரைட் ஏறியிருந்தால் செவுள் வழியே அது உள்ளே போவதையும் தடுக்கிறது. செடியும் நத்தையும் தாங்காது, ஆனால் தனித்தொட்டியில் அவை இல்லை. உப்பு ஆவியாகாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தண்ணீர் மாற்றினால் மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பு சேர்க்க வேண்டும். வற்றியதை நிரப்பும்போது சேர்க்கக் கூடாது.

அடுத்து மெத்திலீன் ப்ளூ. 1876-இல் ஹைன்ரிஷ் காரோ துணிச்சாயமாக உண்டாக்கினார். 1891-இல் பால் எர்லிக்கும் குட்மனும் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முட்டைகளில் பூஞ்சை படராமலிருக்க அது அருமையான மருந்து. வெள்ளைப் புள்ளிக்குக் கடைகளில் முதலில் எடுத்து நீட்டுவதும் அதையே, ஆனால் அந்த வேலைக்கு மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் சேர்ந்த கலவையே வேகமானது. மெத்திலீன் ப்ளூ ஃபில்டர் பாக்டீரியாவைக் கொல்லும், செடியை வாட்டும், கண்ணாடி ஒட்டிய சிலிகானை நிரந்தரமாக நீலமாக்கும். அன்று என் பெரிய தொட்டிக்குள் நான் ஊற்றியது அது. அந்த நீல வரி இன்னும் போகவில்லை.

மாலகைட் கிரீன் கலவையைக் கையுறை போடாமல் தொடக் கூடாது. உண்ணும் மீனுக்குப் போடுவது பல நாடுகளில் தடைசெய்யப்பட்டது அதன் நச்சு காரணமாகத்தான். கெளுத்தி, லோச் போன்ற செதிலில்லாத, நுண்செதில் கொண்ட மீனுக்குப் பாதி அளவு. ஃபார்மலின் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்கும் என்பதால் போடும்போது ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓட வேண்டும். அதைப் பாதுகாக்கும் முறை மற்ற மருந்துகளுக்கு நேர் எதிர். குளிரில் வைத்தால் அடியில் வெள்ளைப் படிவு இறங்கும். அந்தப் படிவு மீனுக்குக் கொடிய நஞ்சு. ஃபிரிஜ்ஜில் வைக்கவே கூடாது. படிவு கண்ட பாட்டிலைப் பயன்படுத்தக் கூடாது.

பிராசிக்வான்டல் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், 40 லிட்டருக்கு 100 மில்லிகிராம். தண்ணீரில் எளிதில் கரையாது, ஒரு சிறு பாட்டிலில் போட்டு வெகுநேரம் குலுக்க வேண்டும். கமலானஸுக்கு லெவமிசோல், லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஒரு நாள் முழுவதும், விளக்கை அணைத்து. மறுநாள் அடியைச் சைஃபன் செய்து தண்ணீர் மாற்றி, மூன்று வாரத்தில் மறுபடி. ஆடு மாடுகளுக்குக் கொடுக்கிற பூச்சி மருந்துதான் அது, கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும். வாங்கும்போது அதில் வேறு மருந்து சேர்ந்திருக்கிறதா என்று லேபிளைப் படிக்க வேண்டும்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை நான் மீனுக்கு வைத்திருக்கவில்லை, செடிக்கும் வலைக்கும் வைத்திருக்கிறேன். மீனுக்கான அளவும் மீனைக் கொல்லும் அளவும் அதில் மிக அருகருகே இருக்கின்றன. இளஞ்சிவப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கிய செடி நத்தை முட்டையைத் தவிரப் பெரும்பாலானவற்றைக் கழித்துவிடும். தண்ணீர் பழுப்பானால் அதன் சக்தி தீர்ந்தது. இதை ஃபார்மலின் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் சூடேறி நச்சுவாயு கிளம்பும். வேறு வேறு தட்டு, முடிந்தால் வேறு அறை.

கூடவே குளோரின் நீக்கி, அம்மோனியா சோதனைக் குப்பி, ஒரு மில்லி சிரிஞ்சும் ஐந்து மில்லி சிரிஞ்சும், சின்ன மின்தராசு. ‘இத்தனை சொட்டு’ என்று எழுதிய லேபிளை நம்பாதீர்கள். சொட்டின் பருமன் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். ஒரு கிராம் மருந்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எந்த மருந்தையும் அளக்கலாம். தொட்டியின் கொள்ளளவைக் கண்ணாடியை அளந்து கணக்கிடாமல், நிரப்பும்போது வாளியால் எண்ணிவைப்பது இன்னும் சரி. என் தனித்தொட்டியின் பக்கத்தில் 30 லிட்டர், 35 லிட்டர் என்று மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன்.

அலமாரி எங்கே இருக்க வேண்டும்? தொட்டி ஸ்டாண்டின் கீழ்க்கதவுக்குள்தான் பலரும் வைக்கிறார்கள், அதுவே மோசமான இடம். ஈரமும் பம்ப்பின் சூடும் அங்கேதான். காற்றுப்புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு, பூட்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டு பேச்சுக்கே இடமில்லாத தேவை. சாப்பாட்டு ஃபிரிஜ்ஜில் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பாட்டிலிலும் திறந்த தேதி. ஐப்பசி மழையில் கட்டிதட்டிய பொடியையும், நிறம் மாறிய திரவத்தையும் வருடத்துக்கொருமுறை கழித்துவிட வேண்டும். கழித்ததைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடி இறுக்கி அபாயக் குப்பையாகத் தனியே கொடுக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் ஏன் இல்லை

இந்தப் பட்டியலில் ஆன்டிபயாடிக் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். தெரிந்தே விட்டேன். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது நம்மிடையே சாதாரணம். நம் போர் தண்ணீரின் சுண்ணாம்பும் மக்னீசியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். மீனுக்குள் போவது சொற்பம். வெளிச்சத்தில் சிதையும். காலாவதியான டெட்ராசைக்ளின் சிதைந்து உண்டாகும் பொருள் மனிதர்களின் சிறுநீரகத்தையே பாதித்ததை 1960-களில் மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். தண்ணீரில் போட்ட எரித்ரோமைசின் ஃபில்டரைக் கெடுக்கலாம்; தேவையான அளவு மீனுக்குள் போய்ச் சேருமா என்பது சந்தேகம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் வேறு. 2016-இல் வெளியான இந்திய ஆய்வொன்று, கூட்டமாக மடிந்த பண்ணை கோல்டு ஃபிஷ்களில் ஒரு ஹெர்பிஸ் வைரஸையும், கூடவே பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அசைந்து கொடுக்காத ஏரோமோனாஸ் பாக்டீரியாவையும் கண்டது. அந்த ஏரோமோனாஸ் வகை மனிதரையும் தாக்கும். மாற்றும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் தெருச் சாக்கடைக்குத்தான் போகிறது. அமெரிக்காவில் மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைக் கால்நடைகளுக்காக 2023 ஜூன் முதல் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்க முடியாது. நம் நாட்டில் உண்ணும் மீன், இறால் வளர்ப்பில் குளோராம்ஃபெனிகாலுக்கும் நைட்ரோஃபியூரான்களுக்கும் தடை இருக்கிறது. கலர் மீன் கடையில் மஞ்சள் பொடியாகத் தொங்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

புண் ஆறாத மீனுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும் வேளைகள் உண்டு. அப்போது கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, தீனியில் கலந்து, சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். மீன் பார்க்கிற மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை என்பது மெய்யான குறை. சென்னைக்காரர்களுக்கு மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. செத்த மீனைக் கொண்டுபோவதைவிட நோயோடு உயிரோடிருக்கும் மீனைக் கொண்டுபோனால்தான் அவர்களால் ஏதாவது சொல்ல முடியும்.

முப்பதாம் நாள்

கடைசி வாரம் ஒரு வேலை செய்கிறேன். பெரிய தொட்டியிலிருந்து ஒரு மோலியைப் பிடித்துத் தனித்தொட்டியில் விடுகிறேன். புதுமீன் தாங்கிக்கொண்டு வெளிக்காட்டாத நோய் ஏதாவது இருந்தால் அந்த மோலியில் தெரியும். ஒரு மீனைப் பணயம் வைப்பது மனதுக்கு எளிதாக இல்லை. மொத்தத் தொட்டியைப் பணயம் வைத்த அந்த ஒன்பதாம் நாளை நினைத்துக்கொள்வேன். தினமும் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். மோலிக்கு ஏதாவது வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

ஏழு நாளும் அது சரியாகத் தின்று சரியாகத் திரிந்தால், புதுமீன்களையும் மோலியையும் தனித்தொட்டி வலையால் சுத்தமான தண்ணீர் உள்ள வாளிக்கு மாற்றி, அங்கிருந்து வேறு வலையால் பெரிய தொட்டிக்கு. விளக்கை அணைத்து, பழைய மீன்களுக்கு மறுபக்கம் தீனி போட்டுக் கவனத்தைத் திருப்பி. தனித்தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒரு மணி நேரம் வைத்துக் கொட்டுகிறேன். தொட்டியும் எல்போவும் வலையும் மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் காய்கின்றன. பழைய ஸ்பாஞ்ச் குப்பைக்கு. நோட்டில் தேதியையும் மீன் பெயரையும் கொடுத்த மருந்தையும் எழுதி முடித்ததும், புது ஸ்பாஞ்ச் ஒன்றைப் பிரித்துப் பெரிய தொட்டியின் இடது மூலையில் மாட்டுகிறேன். அது பழுப்பேற ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் கொளத்தூர் பக்கம் போவதில்லை.